பழைய லேப்டாப்புக்குச் சரியான அடாப்டர் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

20, 30 வருடப் பழைய லேப்டாப் ஒன்று கைக்கு வந்தால், பெரும்பாலும் அடாப்டர் இல்லாமல்தான் வரும். கூடவே ஒன்று வந்தாலும், அது அந்த மெஷினுக்கு உரியதுதான் என்று நம்ப முடியாது. பழைய சாமான் கடையில் லேப்டாப்புகள் ஒரு பக்கம், அடாப்டர்கள் மூட்டையாக இன்னொரு பக்கம் கிடக்கும். கடைக்காரர் மூட்டைக்குள் கைவிட்டு, ஜாக்கில் (லேப்டாப்பில் அடாப்டரைச் செருகும் துளை) போய் உட்காருகிற ஒன்றைத் தேடி எடுத்து, "இது செட் ஆகிடுச்சு சார், எடுத்துட்டுப் போங்க" என்பார். பல வருடம் அலமாரியில் பத்திரமாக இருந்த மெஷின் சாவது பெரும்பாலும் அந்த அடாப்டரைச் செருகும்போதுதான்.

பின், அதாவது அடாப்டர் ஒயரின் செருகும் முனை, பொருந்துகிறதா என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் வோல்ட், அடுத்து பாசிட்டிவ் நெகட்டிவ், அப்புறம் ஆம்பியர், அதன் பிறகுதான் பின். சரியான அடாப்டரின் பின் பொருந்தவில்லை என்றால் வேறு பின் வைத்துக்கொள்ளலாம். தவறான அடாப்டரின் பின் பொருந்திவிட்டால் போர்டு போய்விடும்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஐபிஎம் தின்க்பேடையே எடுத்துக்கொள்கிறேன். இன்றும் பலர் ஆசையாகச் சேகரிக்கும் மெஷின் அது. இந்த விஷயத்தில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அதில் வரும். ஆப்பிள், டோஷிபா, டெல் மெஷின்கள் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பின்னின் விட்டத்தை அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். சில நூறு ரூபாய் மீட்டரே போதும்.

ஸ்டிக்கரைப் படிப்பது

லேப்டாப்பைத் திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கத்தில் மாடல் எண்ணோடு "டிசி 16 வோல்ட், 4.5 ஆம்பியர்" என்பதுபோல ஒரு வரி இருக்கும். ஒரு நேர்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் அது டிசி. அலைபோன்ற கோடு ஏசி. அந்த எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த அடாப்டரைக் கையில் எடுத்தாலும் ஒப்பிட வேண்டியது அதோடுதான். கடைக்காரர் வாயால் சொல்லும் எண்ணை வைத்து வாங்க வேண்டாம்.

தின்க்பேடில் "டைப்" என்று போட்டு நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2645 என்றால் 600 வரிசை. 2373 என்றால் டி40, டி41, டி42 வகை. இந்த எண்ணை வைத்து ஐபிஎம் வெளியிட்ட பராமரிப்புக் கையேட்டைத் தேடினால், எந்த அடாப்டர், அதன் பாகம் எண் என்ன என்பது வரை கிடைக்கும். பழைய மெஷின்களுக்கு இப்படி ஒழுங்கான கையேடு இருப்பது பெரிய வரம். மற்ற கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவல்களும் மாடல் பெயரோடு தேடினால் நிறைய அகப்படும்.

வோல்ட்: தப்பவே கூடாத எண்

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு தின்க்பேட் டி43 நல்ல உதாரணம். 600 வரிசை, டி20 முதல் டி43 வரை, எக்ஸ்20 முதல் எக்ஸ்41 வரை எல்லாமே 16 வோல்ட். பின்னின் வெளிவிட்டம் 5.5 மி.மீ., உள்விட்டம் 2.5 மி.மீ., நடுவில் பாசிட்டிவ். 2006இல் வந்த டி60, எக்ஸ்60 மாடல்களில் வோல்ட் 20 ஆனது. அதோடு பின்னும் மாறியது: 7.9 மி.மீ. விட்டத்தில், நடுவில் ஊசி வைத்த தடிமனான பின். பழைய 16 வோல்ட் ஜாக்கில் அந்த 20 வோல்ட் பின் நுழையவே நுழையாது. இதுவரை பாதுகாப்புதான்.

ஆனால் ஐபிஎம்மிடமிருந்து தின்க்பேடை வாங்கிய லெனோவா, தன் சாதாரண வீட்டு உபயோக லேப்டாப்புகளுக்கு 20 வோல்ட் அடாப்டரைப் பழைய 5.5 × 2.5 பின்னோடேயே விற்றது. அடாப்டரில் லெனோவா என்று எழுதியிருக்கும். மெஷினில் தின்க்பேட் என்று எழுதியிருக்கும். பின் அழகாக உள்ளே போகும். 16 கேட்கும் போர்டுக்கு 20 போகும். ஆசுஸ், புஜித்சூ, டோஷிபா போன்றவற்றின் 19 வோல்ட் அடாப்டர்கள் பலவற்றிலும் இதே 5.5 × 2.5 பின்தான். தடிமன் பின்னை மெல்லிய பின்னாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர்கள் வேறு கடைகளில் கிடைக்கின்றன. அவை பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. டி60 அடாப்டரோடு அதைச் சேர்த்து டி43இல் செருகினால், பின் வடிவம் கொடுத்த அந்த ஒரு பாதுகாப்பையும் நாமே எடுத்துவிட்டதாகும்.

பொதுவாக எழுதியிருக்கும் வோல்ட்டிலிருந்து 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். 16 என்றால் 15.2 முதல் 16.8 வரை. 19 வோல்ட் மெஷினுக்கு 19.5 அடாப்டர் சரிதான். 16 வோல்ட் மெஷினுக்கு 18.5 சரியில்லை. சில மெஷின்கள் கூடுதல் வோல்ட்டைத் தாங்கி ஓடுவதைப் பார்த்தவர்கள் "ஒண்ணும் ஆகாது" என்பார்கள். உள்ளே இருக்கும் சார்ஜிங் சிப்பும் கெபாசிட்டர்களும் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல், மாற்றுப் போர்டு கிடைக்காத மெஷினில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

மற்ற குடும்பங்களைப் பார்ப்போம். டோஷிபாவின் பழைய சாட்டலைட், டெக்ரா, லிப்ரெட்டோ வகைகளில் மிகப் பெரும்பாலானவை 15 வோல்ட். பிற்பாடு அதே கம்பெனி 19க்கு மாறியது. அதனால் "டோஷிபா அடாப்டர்" என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. ஆப்பிளில் 1991இல் வந்த பவர்புக் 100 வரிசைக்கு வெறும் 7.5 வோல்ட். பவர்புக் ஜி3, முதல் ஐபுக் ஆகியவற்றுக்கு 24 வோல்ட், 1.875 ஆம்பியர். பவர்புக் ஜி4இன் 65 வாட் அடாப்டர் 24.5 வோல்ட். டெல் லாட்டிடியூட் சி வரிசைக்கு 20 வோல்ட், மூன்று துளை கொண்ட தட்டையான தனி பிளக், அடாப்டர் பெயர் பிஏ-6 அல்லது பிஏ-9. 2003இன் லாட்டிடியூட் டி600 முதல் 19.5 வோல்ட், உருளைப் பின். பானாசோனிக் டஃப்புக்கில் 15.6 வோல்ட் என்ற விசித்திர எண்ணையும் பார்க்கலாம். 1983இன் டிஆர்எஸ்-80 மாடல் 100 போன்ற மெஷின் என்றால் 6 வோல்ட்தான். அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, துருவத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால்

கையேடும் கிடைக்கவில்லை, ஸ்டிக்கரும் இல்லை. அப்போதும் வழி உண்டு.

பேட்டரியைக் கழற்றி அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். லித்தியம் பேட்டரியில் 10.8 அல்லது 11.1 என்றால் உள்ளே மூன்று செல்கள் வரிசையாக உள்ளன. முழுச் சார்ஜில் அது 12.6 வோல்ட் வரும். அதை ஏற்ற அடாப்டர் அதைவிட இரண்டு மூன்று வோல்ட்டாவது அதிகம் தர வேண்டும். 15, 16 வோல்ட் மெஷின்கள் பல இப்படித்தான். 14.4 அல்லது 14.8 என்றால் நான்கு செல், முழுச் சார்ஜில் 16.8. அதற்கு 19, 20 வோல்ட் அடாப்டர். டி40 பேட்டரி 10.8 வோல்ட், அடாப்டர் 16. டெல் சி வரிசை பேட்டரி 14.8 வோல்ட், அடாப்டர் 20. கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் மூன்று செல் பேட்டரியோடு 19 வோல்ட் அடாப்டர் கேட்கும் மெஷின்களும் ஏராளம். ஆகவே இந்தக் கணக்கு குறைந்தபட்சம் எவ்வளவு என்பதைத்தான் காட்டும்.

மேல் எல்லைக்கு, மெஷினைத் திறந்து ஜாக்குக்கு அடுத்து முதலில் வரும் கெபாசிட்டரின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். 25 வோல்ட் என்று இருந்தால் அடாப்டர் 24 வோல்ட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 15 முதல் 20க்குள் ஏதோ ஒன்று. 35 என்றால் 24 வோல்ட்டையும் மனதில் வைக்கலாம். இப்படிக் கிடைத்த எல்லைக்குள் மிகக் குறைந்த வோல்ட்டிலிருந்து, கரண்ட் லிமிட் வைத்த பெஞ்ச் பவர் சப்ளையில் (வோல்ட்டையும் கரண்ட் எல்லையையும் நாமே அமைக்கக்கூடிய மேஜைக் கருவி) மெதுவாக ஏற்றிப் பார்க்க வேண்டும். பெஞ்ச் சப்ளை இல்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, அது உள்ள ஒரு சர்வீஸ் நண்பரிடம் கொண்டுபோவது நல்லது.

பாசிட்டிவ் நடுவிலா, வெளியிலா?

ஸ்டிக்கரில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்த படம் இருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு கூட்டல் குறியைத் தொட்டால் நடுவில் பாசிட்டிவ், கழித்தல் குறியைத் தொட்டால் நடுவில் நெகட்டிவ். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த லேப்டாப்புகள் அநேகமாக எல்லாமே நடுவில் பாசிட்டிவ். அந்தப் பழக்கத்தில்தான் பழைய மெஷின்களில் மாட்டிக்கொள்கிறோம். மேலே சொன்ன டிஆர்எஸ்-80 மாடல் 100க்கு நடுவில் நெகட்டிவ். இன்றைக்குக் கடையில் வாங்கும் எந்தச் சாதாரண 6 வோல்ட் அடாப்டரும் அதற்குத் தலைகீழ்.

படம் இல்லையா? மெஷினே சொல்லும். அடாப்டர், பேட்டரி எதுவும் இல்லாமல், மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வையுங்கள். ஒரு முனையை மானிட்டர் போர்ட்டின் உலோக ஓரத்தில் வையுங்கள், அதுதான் கிரவுண்ட். இன்னொரு முனையால் ஜாக்கின் வெளிப்புறத் தகட்டையும் நடு ஊசியையும் மாறி மாறித் தொடுங்கள். பீப் அடிப்பது நெகட்டிவ். வெளித்தகடு பீப் அடித்தால் நடுவில் பாசிட்டிவ். இரண்டுமே பீப் அடித்தால் மெஷினுக்குள் ஷார்ட் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடாப்டர் தேடிப் பயனில்லை.

அடாப்டர் பக்கமும் இதே கவனம் வேண்டும். மீட்டரை டிசியில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பை வெளித்தகட்டிலும் வைத்தால் எண் கழித்தல் குறி இல்லாமல் வர வேண்டும். பின் மாற்றி ஒட்டப்பட்ட அடாப்டர்கள் சந்தையில் நிறைய உண்டு, அவற்றில் ஸ்டிக்கர் சொல்வது ஒன்று, ஒயர் சொல்வது வேறு.

ஆம்பியர்

இது எளிது. அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர், மெஷின் கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். மெஷின் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுத்துக்கொள்ளும். 3.36 ஆம்பியர் கேட்கும் தின்க்பேடுக்கு 4.5 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போடலாம். குறைவாக இருந்தால் அடாப்டர் சூடாகும், இல்லையென்றால் பூட் ஆகும்போது பாதியில் அணைந்துவிடும். பேட்டரி இல்லாமல் ஓட்டினால் குறைந்த ஆம்பியரிலும் பல மெஷின்கள் சமாளிக்கும், ஏனென்றால் சார்ஜ் ஏற்றும் சுமை இருக்காது. தற்காலிகச் சோதனைக்கு அது போதும்.

பின்னும் அதன் மூன்றாவது ஒயரும்

பின்னை அளக்கும்போது உள்விட்டத்தில் ஏமாறாதீர்கள். 5.5 × 2.1, 5.5 × 2.5 இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். 2.5 பின்னை 2.1 ஊசி உள்ள ஜாக்கில் போட்டால் உள்ளே போகும், ஆனால் ஆட்டம் காணும், தொடர்பு விட்டுவிட்டு வரும், அந்த இடம் சூடாகும். 2.1 பின்னை 2.5 ஜாக்கில் திணிக்கவே முடியாது. திணித்தால் ஜாக் உடையும். ஜப்பானியக் கம்பெனிகளின் மெஷின்களில் நடு ஊசி வைத்த பின்கள் வரும். ஜப்பானின் ஈஐஏஜே தரத்தில் வோல்ட்டுக்கு ஏற்ப பின்னின் அளவையே மாற்றி வைத்தார்கள்: 10.5 முதல் 13.5 வோல்ட் வரை 5.5 மி.மீ., 13.5 முதல் 18 வரை 6.5 மி.மீ. அருமையான யோசனை அது. எல்லாக் கம்பெனிகளும் அதைப் பின்பற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை இருந்திருக்காது.

டெல்லின் 7.4 மி.மீ. பின்னில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அதில் கரண்ட் போவதில்லை. அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன நினைவகச் சிப், "நான் டெல் அடாப்டர், இத்தனை வாட்" என்று அந்த ஒயர் வழியாக மெஷினுக்குச் சொல்கிறது. அந்தச் சிப் இல்லாத அடாப்டரையோ, ஊசி வளைந்த, உள் ஒயர் அறுந்த அடாப்டரையோ போட்டால், அடாப்டர் வகை தெரியவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும். மெஷின் ஓடும், ஆனால் வேகம் குறையும், பேட்டரி ஏறாது. எச்பியும் இதே அளவுப் பின்னை வேறு அர்த்தத்தில் பயன்படுத்தியது. எச்பி அடாப்டர் டெல்லில் உட்காரும், ஆனால் டெல்லுக்கு அது யாரென்று தெரியாது. பழைய தின்க்பேடு, டோஷிபா 15 வோல்ட் மெஷின்களில் இந்த அடையாளப் பரிசோதனை எதுவும் இல்லை. வோல்ட்டும் துருவமும் சரியாக இருந்தால் போதும்.

எங்கே, எதை வாங்குவது?

என் முதல் தேர்வு எப்போதும் நல்ல நிலையில் உள்ள பழைய ஒரிஜினல் அடாப்டர்தான். 16 வோல்ட் ஐபிஎம் அடாப்டர்கள் லட்சக்கணக்கில் தயாரானவை, இன்றும் செகண்ட் ஹாண்டில் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரின் பழைய லேப்டாப் சர்வீஸ் கடைகளிலோ மூட்டையைக் கிளற அனுமதித்தால், ஸ்டிக்கரைப் படித்துத் தேடுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் கனமாக இருக்க வேண்டும். 4.5 ஆம்பியர் என்று எழுதியிருந்தும் காலி டப்பாபோல லேசாக இருந்தால் அது டூப்ளிகேட்.

ஒரிஜினல் என்பதற்காகக் கண்ணை மூடி வாங்கவும் கூடாது. பவர்புக் ஜி3உடன் வந்த எம்4402 என்ற செவ்வகக் கறுப்பு அடாப்டரை, அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால், ஆப்பிள் 2001இல் திரும்பப் பெற்றது. சுமார் 5,70,000 அடாப்டர்கள். அந்த மாடல் இன்னும் பழைய சாமானாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஜி3 வாங்குகிறவர்கள் அதற்கு அடுத்து வந்த வட்ட வடிவ அடாப்டரைப் பாருங்கள். மாடலுக்கு மாடல் பின் வேறுபடலாம் என்பதால் உங்கள் மாடலை உறுதிசெய்த பிறகு வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய அடாப்டரில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவுக்கு மட்டும் என்று செய்த 120 வோல்ட் அடாப்டரையோ ஜப்பானின் 100 வோல்ட் அடாப்டரையோ நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகப் போட்டால் அதோடு முடிந்தது. 1980களின் சின்ன மெஷின்களுக்கு வந்த கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

புதிய காம்பேட்டிபிள் அடாப்டர் வாங்கினால் இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாததைத் தவிர்த்துவிடுங்கள். வோல்ட்டை ஸ்விட்ச் போட்டு மாற்றும் யூனிவர்சல் அடாப்டர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டில் ஒரு குழந்தை ஸ்விட்சை நகர்த்தினால் 16 என்பது 24 ஆகிவிடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், சரியான இடத்தில் வைத்துப் பசை போட்டு ஸ்விட்சை நிரந்தரமாக அசையாமல் செய்துவிடுங்கள்.

15 வோல்ட், 24 வோல்ட் மெஷின்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இவை இரண்டும் தொழிற்சாலைக் கருவிகளில் புழங்கும் சாதாரண அளவுகள். மீன் வெல் போன்ற கம்பெனிகள் 60 வாட் அளவில் தரமான 15, 24 வோல்ட் மேஜை அடாப்டர்களை இன்றும் புதிதாகச் செய்கின்றன. பின்னை மட்டும் மாற்றினால் போதும். 16 வோல்ட்தான் பொதுச் சந்தையில் அபூர்வம். யமஹா கீபோர்டுகளுக்கு வரும் பிஏ-300 அடாப்டர் 16 வோல்ட், 2.4 ஆம்பியர். பின்னையும் துருவத்தையும் அளந்து பார்த்து, பேட்டரி இல்லாத தின்க்பேடைச் சோதிக்க அதைப் பயன்படுத்தலாம்.

யூஎஸ்பி-சி வழி இப்போது மிகவும் பிரபலம். பவர் டெலிவரி சார்ஜர் 5, 9, 15, 20 வோல்ட் தரும். டிரிக்கர் போர்டு என்ற சின்னச் சர்க்யூட் சார்ஜரிடம் "எனக்கு 15 கொடு" என்று கேட்டு வாங்கித் தரும். டோஷிபாவுக்கு 15, டி60க்கு 20 என்று நேராகப் பொருந்திவிடுகிறது. 16க்கு, பிபிஎஸ் வசதியுள்ள சார்ஜரும் அதைக் கேட்கத் தெரிந்த டிரிக்கர் போர்டும் வேண்டும். அந்த வசதியில் 20 மில்லிவோல்ட் படிகளாக வோல்ட்டை மாற்றலாம். பட்டனை அழுத்தி வோல்ட் மாற்றும் போர்டைவிட, ஒரே வோல்ட்டுக்கு நிலையாகச் செய்த போர்டு நல்லது. சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். அதற்கு மேல் இழுக்கும் மெஷினுக்கு 5 ஆம்பியர் கேபிள் தேவை.

19 வோல்ட் அடாப்டரிலிருந்து 16 இறக்கப் பக் கன்வெர்ட்டர் போர்டு போடலாமா என்று பலர் கேட்பார்கள். சோதனைக்குப் போடலாம். நிரந்தரமாக வேண்டாம். அந்த மலிவுப் போர்டுகளின் ஸ்விட்சிங் சிப் ஷார்ட் ஆனால், உள்ளே போகும் 19 வோல்ட் அப்படியே வெளியே வந்துவிடும்.

வாங்கி வந்ததைச் சோதிப்பது

லேப்டாப்பில் செருகும் முன் மூன்று சோதனைகள்.

பல வருடம் சும்மா கிடந்த அடாப்டர் என்றால் முதலில் சீரிஸ் பல்ப் போட்டு மின்சாரம் கொடுங்கள். ஒயரிங் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களிடம் இந்த சீரிஸ் போர்டு இருக்கும்: 40 அல்லது 60 வாட் குண்டு பல்ப், அதற்கு வரிசையில் ஒரு பிளக் பாயின்ட். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. அடாப்டரைப் போட்டவுடன் பல்ப் ஒரு கணம் மின்னி மங்கிவிட்டால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் அடாப்டர் உள்ளே ஷார்ட்.

அடுத்து, பல்ப் இல்லாமல் நேராகப் போட்டு, சுமையில்லாமல் வோல்ட் அளக்க வேண்டும். 16 வோல்ட் அடாப்டர் 15.8 முதல் 16.5க்குள் அசையாமல் நிற்க வேண்டும். எண் குதித்துக்கொண்டே இருந்தாலோ, வந்து வந்து போனாலோ உள்ளே கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. அப்படியே ஒயரைப் பின் அருகிலும் டப்பா அருகிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் விழுந்தால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. பழைய அடாப்டர்களில் மிக அதிகம் வரும் கோளாறு இதுதான், சரிசெய்ய எளிதானதும் இதுதான்.

மூன்றாவது, சுமை கொடுத்துப் பார்ப்பது. பலரும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள், ஆனால் உண்மை தெரிவது இங்கேதான். அடாப்டரின் பச்சை விளக்கு எரிவதும், மீட்டர் 16 காட்டுவதும் அது 3 ஆம்பியர் தரும் என்பதற்குச் சாட்சி ஆகாது. 10 ஓம், 50 வாட் உலோக உறை ரெசிஸ்டர் ஒன்றை ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) பொருத்தி இணையுங்கள். 16 வோல்ட்டில் அது 1.6 ஆம்பியர் இழுக்கும், 25 வாட்டுக்குச் சற்று மேல் சூடு தரும், தொட்டால் சுடும். ரெசிஸ்டர் கிடைக்காவிட்டால் லாரிக்குப் போடும் 24 வோல்ட், 21 வாட் பல்புகளை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சேர்த்துக்கொண்டே போகலாம். குளிர்ந்த பல்ப் முதல் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதில் அடாப்டர் ஒரு தடவை அணைந்து எழுந்தால் அது கோளாறு அல்ல. கால் மணி நேரம் சுமையோடு விடுங்கள். 15.5க்குக் கீழ் போகாமல் நின்றால் நம்பலாம். 15.2க்குக் கீழ் இறங்கினால் வேண்டாம். அந்த நேரத்தில் மீட்டரை ஏசிக்கு மாற்றி அளந்தால் சில மில்லிவோல்ட்கள்தான் காட்ட வேண்டும். 200 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் கெபாசிட்டர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. கருகல் வாசனை, விசில்போல ஒலி, கை வைக்க முடியாத சூடு, மூன்றில் எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

பின் மாற்றுவது

ஒயர் பின்னருகே அறுந்திருந்தாலோ பின் பொருந்தாவிட்டாலோ, பின்னிலிருந்து ஐந்தாறு செ.மீ. தள்ளி வெட்டுங்கள். உள்ளே நடுவில் ஒரு ஒயரும் சுற்றிலும் பின்னல் கம்பியும் இருக்கும். பெரும்பாலும் நடு ஒயர் பாசிட்டிவ், பின்னல் நெகட்டிவ். நிறத்தை நம்பாமல் மீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். டெல் வகையில் மூன்றாவதாக மெல்லிய அடையாள ஒயர் இருக்கும். அதை வெட்டி விட்டுவிட்டால் மேலே சொன்ன எச்சரிக்கை வரும். ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூட்டில் சுருங்கி ஒயரை மூடும் குழாய்) முதலில் ஒயரில் மாட்டிவிட்டுச் சால்டர் வையுங்கள், பின்னல் கம்பியின் ஒரு இழைகூட நடு ஒயரைத் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் இரண்டுக்கும் இடையே கன்டினியூட்டி பார்த்து, பீப் இல்லை என்று தெரிந்த பிறகு மட்டும் மின்சாரம்.

அடாப்டர் டப்பாவைத் திறந்து உள்ளே பழுது பார்ப்பது வேறு வேலை. 230 வோல்ட்டை நேராக்கும்போது உள்ளே 325 வோல்ட் டிசி உருவாகிறது. பிளக்கை எடுத்த பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கும். அதை ரெசிஸ்டர் வைத்து இறக்கத் தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம். 1986இன் டோஷிபா டி3100 போன்ற பிளாஸ்மா திரை மெஷின்களுக்கு வெளி அடாப்டரே கிடையாது. கம்ப்யூட்டர்போல நேரடி மின்சாரம், பவர் சப்ளை உள்ளேயே. அது பழுதானால் கடையில் தேடுவதற்கு ஒன்றுமில்லை, அனுபவமுள்ளவரிடம் கொடுத்துக் கெபாசிட்டர் மாற்றுவதுதான் வழி.

முதல் முறை பவர் கொடுப்பது

பேட்டரியைக் கழற்றுங்கள். கெட்டுப்போன பழைய பேட்டரி, நல்ல அடாப்டரையும் கெட்டதுபோலக் காட்டும். உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ தனியே ஒதுக்குங்கள். பழைய பவர்புக்குகளில் கடிகாரத்துக்கான சின்ன பேட்டரியும் உள்ளே கசிந்து போர்டை அரித்திருக்கும், முடிந்தால் திறந்து அதையும் எடுத்துவிடுங்கள்.

பெஞ்ச் சப்ளை இருந்தால் 16 வோல்ட், அரை ஆம்பியர் லிமிட்டில் தொடங்குங்கள். பவர் பட்டனை அழுத்தும் முன் கரண்ட் மிகக் குறைவாக, சில பத்து மில்லிஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். செருகியவுடனேயே லிமிட்டைத் தொட்டால் உள்ளே ஷார்ட், பெரும்பாலும் ஒரு டேன்டலம் கெபாசிட்டர். எல்லாம் சரியென்றால் லிமிட்டை 3 ஆம்பியருக்கு ஏற்றிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். பெஞ்ச் சப்ளை இல்லையென்றால் சோதித்த அடாப்டரைப் போட்டு, ஒரு நிமிடம் பட்டனைத் தொடாமல், ஜாக் சூடாகிறதா, வாசனை வருகிறதா என்று பாருங்கள்.

மெஷின் உயிர் வந்து திரையில் எண்கள் காட்டினால் பயப்பட வேண்டாம். தின்க்பேடில் 161 என்றால் கடிகார பேட்டரி தீர்ந்துவிட்டது, 163 என்றால் தேதி நேரம் அமைக்கவில்லை. இரண்டுக்கும் அடாப்டரோடு தொடர்பில்லை. டோஷிபாவில் மின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு மின்னினால் பவரில் பிரச்சினை என்று மெஷினே சொல்கிறது. அடாப்டர் சோதனையில் தேறியிருந்தால், அப்போது பார்க்க வேண்டியது ஜாக்கும் அதன் அருகே இருக்கும் ஃபியூஸும்தான். ஜாக்கின் சால்டர் விரிசல் விடுவது பழைய லேப்டாப்புகளில் சகஜம். பின்னை லேசாக ஆட்டும்போது விளக்கு வந்து போனால் அதுதான் காரணம், மறுபடி சால்டர் வைத்தால் சரியாகிவிடும்.

வேலை செய்யும் அடாப்டர் ஒன்று கிடைத்ததும், அதன் மேல் அழியாத மையில் மெஷினின் பெயர், வோல்ட், துருவம் மூன்றையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று பழைய மெஷின்கள் இருக்கும் வீட்டில் 16, 19, 20 வோல்ட் அடாப்டர்கள் ஒரே பெட்டியில் கிடக்கும், பின்னும் ஒன்றாகவே இருக்கும். மெஷினின் ஜாக் அருகேயும் "16 மட்டும்" என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு அந்த மெஷினை உங்களிடமிருந்து வாங்கப்போகிறவருக்கும் அது தேவைப்படும்.